கிராமத்தில் முதியோர் இல்லம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் மனுவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கையெழுத்தோ கைநாட்டோ வைத்து முடித்ததும், எழுந்து போகும் முன் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்பார்கள். தென் மாவட்டக் கிராமங்களில் அப்படிக் கேட்கப்பட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளில் கேட்டவர்களின் போக்கை மாற்றவில்லை. பதில்கள் தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும்.

முதியோர் இல்லம் என்பதே பட்டணத்துச் சமாச்சாரம். நம் ஊருக்கு அது எதற்கு?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர். அவர்களில் 7.3 கோடிப் பேர் கிராமங்களில் இருந்தார்கள். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் முதியோரின் பங்கு அப்போது 10.4 சதவீதம். மத்திய அரசின் கணிப்புப்படி 2021இல் அது 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதமாகும். நம்மை முந்தி நிற்கும் பெரிய மாநிலம் கேரளம் ஒன்றுதான்.

பிறப்பும் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அந்த ஒன்றிரண்டு பேரும் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார்கள். வீடு இருக்கிறது, கொஞ்சம் நிலமும் இருக்கிறது, மாதாமாதம் பணம்கூட வந்துவிடுகிறது. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தால் தூக்கிவிடத்தான் ஆளில்லை.

அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது, இல்லையா?

பலர் பார்த்துக்கொண்டார்கள், உண்மைதான். அந்த வேலையைச் செய்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகன் பெயரில் மருமகள் செய்தார், சம்பளமில்லாமல், வேறு வழியுமில்லாமல். இன்று அந்த மருமகள் பஞ்சாலைக்கோ பட்டாசு ஆலைக்கோ வேலைக்குப் போகிறார். அவர் சம்பளம் இல்லாவிட்டால் வீடு நடக்காது.

இன்னொன்றும் உண்டு. தென் மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்ற சொல்லைக் கேள்விப்படாத பெரியவர்கள் குறைவு. படுத்த படுக்கையானவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவைக்கும் அந்த வழக்கம் 2010 வாக்கில் விருதுநகர் மாவட்டச் செய்திகள் மூலம் வெளியுலகுக்குத் தெரிந்தது. பழைய காலத்தைப் புகழும்போது இதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. பராமரிக்க ஆளும் வசதியும் இல்லாத ஏழ்மை அன்றும் இருந்தது.

அரசாங்க இல்லம் எங்கே இருக்கிறது? பணம் கட்ட வேண்டுமா?

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில், மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று கட்டாயமாகச் சொல்லவில்லை. நடைமுறையில், தொண்டு நிறுவனங்கள் அரசு மானியத்துடன் நடத்தும் இல்லங்களே நம் மாவட்டங்களில் அதிகம். முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் தங்கவைக்கும் இல்லங்களும் தமிழ்நாட்டில் உண்டு.

மானியம் பெறும் இல்லங்களில் ஆதரவற்றவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அவற்றைத் தவிர, கட்டணம் வாங்கும் தனியார் இல்லங்கள், கோயில், தேவாலயம் சார்ந்த இல்லங்கள், பதிவே செய்யாமல் வாடகை வீட்டில் நடப்பவை என்று பல வகை உண்டு. உங்கள் மாவட்டத்தில் எவை பதிவு பெற்றவை என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். அலைய முடியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்கு நடுவே பெரிய பெரிய முதியோர் குடியிருப்புகள் கட்டுகிறார்களே, அதுபோல் நமக்கும் வருமா?

வராது. அவை கிராமத்து மண்ணில் நிற்கும் நகரத்துக் குடியிருப்புகள். ஓய்வூதியமும் சேமிப்பும் உள்ளவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் வாங்கும் வீடுகள். பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே சமையலுக்கும் காவலுக்கும் போகிறார்கள், தங்கப் போவதில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் தேவைக்கான விடை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நாம் பார்க்க வேண்டியது கடலூர் மாவட்டத்தில் உள்ள தாமரைக்குளம் முதியோர் கிராமம். 2004 சுனாமியில் ஆதரவிழந்த முதியோருக்காக ஹெல்பேஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் அமைத்தது. பெரிய மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போடாமல், சிறு சிறு வீடுகளாகக் கட்டி, முடிந்த வேலையை முதியோரே பகிர்ந்துகொள்ளும் விதத்தில் நடக்கிறது.

வயதானவர்களை இல்லத்தில் விடுவது சட்டப்படி குற்றம் என்று சொல்கிறார்களே?

கைவிடுவதுதான் குற்றம். பராமரிக்கும் பொறுப்புள்ளவர், மூத்த குடிமகனை முற்றாகக் கைவிடும் எண்ணத்தோடு ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போனால், அதே 2007 சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் விட்டுவிட்டுப் போகிறார்களே, அதற்கான பிரிவு இது.

பெரியவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்து, போய்ப் பார்த்துக்கொண்டும் இருந்தால் அது கைவிடுதல் ஆகாது. இல்லத்தில் சேர்த்த பிறகு எண்ணை மாற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வகையறாவில் யாரும் இப்படிச் செய்ததில்லை. ஊர் என்ன சொல்லும்?

பேசும். கொஞ்ச நாள் பேசும். அப்படிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் உங்கள் அம்மாவின் படுக்கைத் துணியை மாற்ற வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மகன்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். மகள்கள் வேறொன்று கேட்பார்கள்: 'அங்கே சூடாகச் சாப்பாடு கொடுப்பார்களா?'

அம்மா வரவே மாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று முதலில் கேளுங்கள். வீட்டைப் பூட்டினால் மகன்கள் விற்றுவிடுவார்கள் என்ற பயம், ஆட்டையும் கோழியையும் யார் பார்ப்பார்கள் என்ற கவலை, குலதெய்வக் கொடை விழாவுக்கு வர முடியாமல் போய்விடுமோ என்ற ஏக்கம் என்று காரணம் ஒவ்வொன்றாக வெளியே வரும். பலவற்றுக்கு வழி இருக்கிறது. வீட்டை விற்கமாட்டோம் என்று நான்கு பேர் முன்னிலையில் சொல்லலாம். கொடைக்கும் பொங்கலுக்கும் அழைத்துவருவதாக இல்லத்தோடு பேசி முடிவு செய்யலாம்.

பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். 'ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம்' என்று காரில் ஏற்றி இல்லத்தில் இறக்கிவிட்டால், அதன் பிறகு அவர் யாரையும் நம்பமாட்டார். அங்கே கொடுக்கும் மாத்திரையைக்கூட. சேர்ப்பதற்கு முன் ஒரு வாரம் தங்கிப் பார்க்க அனுமதிக்கும் இல்லமாகத் தேடுங்கள். சேர்த்தே ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், படுக்கையாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருவதற்காகத்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. வயதானவர்களின் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருள் கொண்டுவரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. இவை இரண்டும் ஒழுங்காகக் கிடைத்தால், பகலில் எட்டிப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்தாலே போதும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள்.

நல்ல இல்லம் எது என்று போய்ப் பார்த்தவுடன் தெரிந்துகொள்வது எப்படி?

சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை. பகலில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். இரவில் எத்தனை முதியோருக்கு எத்தனை ஆட்கள் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கழிப்பறைக்குக் கட்டிலிலிருந்து எத்தனை அடி, வழியில் படி உண்டா, தரை வழுக்குமா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். வரவேற்பறையின் சோபாவை வைத்து முடிவெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதியவர் அந்தச் சோபாவில் உட்காரப் போவதேயில்லை.

2007 சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், படுக்கையறையில் ஒருவருக்கு 7.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கின்றன. ஏறக்குறைய எண்பது சதுர அடி. கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடந்தால் அந்த அளவு இல்லை என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் வாங்கினால் எப்போது, எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கே இருக்கும் முதியவர் ஒருவரிடம், நடத்துபவர் பக்கத்தில் இல்லாதபோது ஐந்து நிமிடம் பேச விடமாட்டோம் என்றால், அடுத்த பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிடுங்கள்.

செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது மகன் என்னை இல்லத்துக்குப் போகச் சொல்கிறான். பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?

முடியும். எவ்வளவு சுலபம் என்பது பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பேன் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தைப் பெற்றுக்கொண்டு பராமரிக்க மறுத்தால் அந்த மாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்க இடம் தருகிறது. மனுவை வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊர்ப் பத்திரங்களில் 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்று மட்டும் எழுதியிருக்கும். பராமரிப்பு பற்றி ஒரு வரி இருக்காது. நிபந்தனை இருந்தது என்பது நிறுவப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. முதியோருக்கு நன்மை தரும் சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு சொன்னது. அந்த மார்ச்சில், நாகப்பட்டினத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பின் பேரில் எழுதிக் கொடுப்பதிலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டாம், மனு கொடுங்கள்.

இனி எழுதப் போகிறவர்களுக்கு: முடிந்தால் எழுதாதீர்கள். உயில் போதும், உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். எழுதியே தீர வேண்டும் என்றால் பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் 'அதெல்லாம் வழக்கமில்லை' என்பார். வழக்கமாக்குங்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகன்தான் சொத்துக்கு வாரிசு. அவன் பார்க்கக் கடமைப்பட்டவனா?

ஆம். பிள்ளையில்லாத மூத்த குடிமகன், தன் சொத்தை அனுபவிப்பவர் அல்லது தனக்குப் பின் வாரிசாக வரப்போகிற உறவினர் மீது பராமரிப்பு கோரலாம். உறவினர் வயதுவந்தவராகவும், போதிய வசதி உள்ளவராகவும் இருக்க வேண்டும். மேலே சொன்ன அதே தீர்ப்பாயம்தான். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிடலாம் என்பது சட்டத்தின் உச்சவரம்பு. அதை நீக்கவும், பராமரிப்பு இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கவும் 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது.

அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது. இரவில் எழுந்து காட்டுப்பக்கம் நடந்துவிடுகிறார். எந்த இல்லமும் சேர்த்துக்கொள்ள மறுக்கிறதே?

இது கடினமான கேள்வி. சாதாரண இல்லங்கள் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது: விழித்திருக்கும் ஆள் போதாது, பயிற்சியும் இல்லை. பணத்துக்காகச் சேர்த்துக்கொண்டு கட்டிலோடு கட்டிப்போடும் இல்லத்தைவிட, முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லும் இல்லம் மேல். நாடு தழுவிய ஆய்வொன்றின் தரவுகளிலிருந்து 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள். நகரத்தைவிடக் கிராமத்தில் விகிதம் அதிகம். மறதி நோயாளிகளுக்கான தொடர் பராமரிப்பு இல்லத்துக்கு மத்திய அரசுத் திட்டத்தில் மானியம் உண்டு. இல்லங்களோ கைவிட்டு எண்ணும் அளவில், அதுவும் நகரங்களில்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். மறதியைப் போலத் தோன்றும் தைராய்டு குறைபாடும் வைட்டமின் குறைவும் மருந்தில் சரியாகக் கூடியவை. சட்டைப் பையில் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். தெருவில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். வெட்கப்பட்டு மறைத்த வீடுகளில்தான் ஆள் காணாமல் போவது நடக்கிறது.

இல்லத்தில் எந்தச் சாதிக்காரர் சமைக்கிறார் என்று அம்மா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பலர் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காததை உங்கள் அம்மா கேட்டுவிட்டார். பதில்: யார் சமைக்கிறார் என்று இல்லம் பார்க்காது, பார்க்கவும் கூடாது. 2018இல் திருப்பூர் மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சத்துணவுச் சமையலரைச் சிலர் எதிர்த்தது வழக்கு வரை போனது. முதியோர் இல்லத்திலும் அது வரும். வந்த முதல் நாளே நடத்துபவர் உறுதியாக நின்றால் தீரும். வளைந்துகொடுத்தால் இரண்டு பந்தி ஆகிவிடும். பந்தி பிரிக்கும் இல்லத்துக்கு ஒரு ரூபாய் மானியம்கூடப் போகக்கூடாது என்பது என் கருத்து.

நம் ஊராட்சியிலேயே சின்னதாக ஓர் இல்லம் நடத்த முடியாதா? எதற்கு நாற்பது மைல் தள்ளிப் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். முடியும், ஆனால் இன்றைய திட்டங்கள் அந்த அளவில் யோசிப்பதில்லை. சட்டம் 150 பேர் என்கிறது. மத்திய அரசின் மானியம் 25 பேர் கொண்ட இல்லத்திலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் தங்கும் பராமரிப்பு உடனடியாகத் தேவைப்படுபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். பட்டியலில் இடம்பெற முடியாத அளவு சிறிய தேவை. அதனால்தான் அவர்கள் மாவட்டத் தலைநகருக்குப் போகிறார்கள். தெரிந்த முகம் ஒன்றுமில்லாத இடத்துக்கு.

கணக்கைப் பார்ப்போம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வெறும் 200, மீதி மாநிலத்தினுடையது. பன்னிரண்டு பேரின் முழுத் தொகையையும் சேர்த்தால் மாதம் 14,400. சமையலர் ஒருவர், பகலில் இருவர், இரவில் ஒருவர் என்று நால்வருக்கு ஆளுக்குப் பத்தாயிரம் என்று குறைத்துப் போட்டாலே 40,000 ஆகிவிடுகிறது. நன்கொடையாலும் பிறந்தநாள் அன்னதானத்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. தலைக்கு இவ்வளவு என்று அரசு மாதாமாதம் கொடுத்தால்தான் நடக்கும்.

ஆனால் பாதி ஏற்பாடு ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. உதவித்தொகை பெறும் முதியோருக்குச் சத்துணவு மையத்தில் மதிய உணவு என்பது 1980களிலேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. சமையலறை இருக்கிறது. துணை சுகாதார நிலையமும் கிராம சுகாதாரச் செவிலியரும் இருக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட பள்ளிக் கட்டடம் சில ஊர்களில் காலியாகக் கிடக்கிறது. பகலில் வந்து போகிறவர்களுக்கு அது முதியோர் மையம்; இரவில் தனியாக இருக்க முடியாத பத்துப் பேருக்கு அதுவே இல்லம். பகல் மையத்துக்கு 'அன்புச்சோலை' என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. அது மாநகரங்களைக் குறிவைத்தது. அடுத்த கட்டம் ஊராட்சிகளுக்கு வர வேண்டும்.

கட்டடம் சரி. யார் வேலை செய்வார்கள்? நம் ஊர்ப் பெண்களே இலவசமாகச் செய்ய வேண்டும் என்பீர்கள்?

இல்லை. இரண்டாவது கேள்விக்கான பதிலில் சொன்ன மருமகளின் சம்பளமில்லாத உழைப்பை 'தன்னார்வம்' என்ற பெயரில் மறுபடி கொண்டுவரக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்குப் படுக்கைப் புண் பராமரிப்பு, தூக்கி உட்காரவைக்கும் முறை, மறதி நோயாளியிடம் பேசும் விதம் ஆகியவற்றில் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுத்தால் ஊரிலேயே வேலைவாய்ப்பு.

தன்னார்வலருக்கும் இடம் உண்டு. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புச் சிகிச்சை இயக்கம் மலப்புறத்தின் ஊர்களில் பரவியபோது, ஊர்க்காரர்கள் வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தார்கள், காசும் திரட்டினார்கள். 2008இல் அரசு அதைக் கொள்கையாக்கி உள்ளாட்சிகளின் பொறுப்பில் வைத்தது. அங்கேயும் புண்ணைக் கழுவிக் கட்டுவது பயிற்சி பெற்ற செவிலியர், ஊர்க்காரர் பேச்சுத்துணை.

அங்கே இறந்துவிட்டால் ஊருக்குக் கொண்டுவருவார்களா?

சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள்: யாருக்குத் தகவல், ஊருக்கா அங்கேயா, எரிப்பதா புதைப்பதா, வண்டிச் செலவு யாருடையது. இதைக் கேட்பது அபசகுனம் என்று பிள்ளைகள்தான் நினைக்கிறார்கள். பெரியவர்கள் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து. எனக்கு எழுபது ஆகும்போது என்ன இருக்கும்?

யாராவது கேட்டால் இருக்கும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரில் 60 வயது கடந்தோர் எத்தனை பேர், தனியாக வசிப்போர் எத்தனை பேர், படுக்கையில் இருப்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க முதலில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் கட்டடம் கேட்டால் மனு கோப்பில் தூங்கும். கணக்கோடு போனால், சத்துணவு மையத்தில் முதியோருக்கான உணவு ஒழுங்காக நடக்கிறதா, செவிலியர் வீட்டுக்கு வருகிறாரா என்று அதே கூட்டத்தில் கேட்கலாம். கட்டட நிதி கேட்பது இரண்டாவது தீர்மானம். முதல் தீர்மானத்தில் பெயர், வயது, தெரு மூன்றும் இருக்கட்டும், சாதி வேண்டாம்.